எரிபொருள் கூடுதல் கட்டணத்தின் கணக்கைக் காட்டுங்கள்

சிங்கப்பூரில் உணவுச் சரக்கு ஏற்றிச்செல்லும் லாரி நிறுவன உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

பருப்பு, இட்லி அரிசி, மாவு, மசாலாத்தூள், உறைந்த பரோட்டா, தேங்காய்த் துருவல் ஆகியவற்றை இந்தியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் தருவித்து, சிராங்கூன் சாலை மளிகைக் கடைகளுக்கும், உணவங்காடிக் கடைக்காரர்களுக்கும், வெளிநாட்டு ஊழியர் விடுதிகளுக்குச் சமைத்தனுப்பும் சமையற்கூடங்களுக்கும் வழங்கும் தொழிலில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். எனக்குச் சொந்தமாக இரண்டு வேன்கள் உண்டு. அவை தேக்கா சுற்றுவட்டாரத்துக்கே சரியாகிவிடும். மற்றதெல்லாம் உங்கள் லாரிகளில்தான் போகிறது. மாதந்தோறும் உங்களுக்குப் பணம் கட்டுகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

டீசல் விலை ஏறினால் சரக்குக் கட்டணம் ஏறும் என்பதை நான் மறுக்கவில்லை. லாரி தண்ணீரில் ஓடாது. நான் கேட்பது ஒன்றுதான்: விலைப்பட்டியலில் ‘எரிபொருள் கூடுதல் கட்டணம்’ என்று ஒரு வரி எழுதும்போது, அந்தத் தொகை எந்த டீசல் விலையை வைத்து, எத்தனை லிட்டருக்கு, எந்த நாளிலிருந்து கணக்கிடப்பட்டது என்பதை அதே தாளில் எழுதுங்கள், விலை இறங்கும்போது அதே கணக்கின்படி கட்டணத்தையும் இறக்குங்கள்.

என் மேசையில் இருக்கும் ஒரு விலைப்பட்டியலை எடுத்துக்கொள்கிறேன். அனுப்பிய நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. உங்களில் பலருடைய பட்டியலும் ஏறக்குறைய இதே அமைப்பில்தான் வருகிறது. ஜூரோங்கில் உள்ள என் கிடங்கிலிருந்து செனோக்கோவில் உள்ள ஒரு சமையற்கூடத்துக்கு, 14 அடி லாரியில், 25 கிலோ மூட்டைகள் நாற்பது. அடிப்படை வாடகை 110 சிங்கப்பூர் வெள்ளி. மூட்டை இறக்க ஓர் ஆளுக்கு 50 வெள்ளி. காத்திருப்புக்கு 40 வெள்ளி. ஆக 200 வெள்ளி. அந்த 200 வெள்ளியின் மேல் 12 விழுக்காடு எரிபொருள் கூடுதல் கட்டணம் 24 வெள்ளி. பிறகு மொத்தத்தின் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி.

போக வர 60 கிலோமீட்டர். அந்த லாரி லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும் என்று அதை ஓட்டிவந்த தம்பியே சொன்னார். நெரிசலையும் சேர்த்து 9 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். லிட்டர் 2 வெள்ளி 70 காசு என்றால் 24 வெள்ளி 30 காசு ஆகிறது. அதாவது, அந்த நடைக்கு ஊற்றிய டீசல் முழுவதற்கும் ஆகும் விலையை, முப்பது காசு குறைவாக, ‘கூடுதல்’ என்ற பெயரில் நான் கட்டியிருக்கிறேன். அடிப்படை வாடகையில் ஏற்கெனவே டீசல் செலவு அடங்கியிருக்கிறது என்பதை நீங்களும் மறுக்க மாட்டீர்கள். அப்படியானால் ஒரே டீசலுக்கு நான் இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறேன்.

நியாயமான தொகை எவ்வளவு? நாம் ஒப்பந்தம் பேசிய நாளில் டீசல் 2 வெள்ளி 20 காசு என்றும், இப்போது 2 வெள்ளி 70 காசு என்றும் கொள்வோம். லிட்டருக்கு 50 காசு ஏற்றம். 9 லிட்டருக்கு 4 வெள்ளி 50 காசு. வாடகையின் விழுக்காடாகச் சொன்னால் 110 வெள்ளியில் ஏறக்குறைய 4 விழுக்காடு. பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று தொலைபேசியில் கேட்டேன். ‘சந்தை நிலவரம்’ என்றார்கள். மூட்டை இறக்கும் ஆள் டீசலில் ஓடுகிறவர் அல்லர். அவருடைய கூலியின் மேலும் ஏன் 12 விழுக்காடு என்று கேட்டேன். கணினி அப்படித்தான் போடுகிறது என்று பதில் வந்தது. கணினிக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதைக் கேட்குமுன் தொடர்பு துண்டிக்கப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. பம்ப் நிலையத்தில் எழுதியிருக்கும் விலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி அடக்கம். 2 வெள்ளி 70 காசில் அது 22 காசுக்குச் சற்று மேல் வரும். வரிப் பதிவு செய்த நிறுவனமாக இருந்தால், சரக்கு லாரிக்கு வாங்கிய டீசலுக்குக் கட்டிய அந்த வரியை நீங்கள் திரும்பக் கோரிக்கொள்ளலாம். எனவே உங்களுக்கு உண்மையில் ஆகும் செலவு வரி நீங்கிய விலைதான். ஆனால் கூடுதல் கட்டணத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்வதோ வரி சேர்ந்த பம்ப் விலையை. அதன்மேல் எனக்கு மறுபடியும் வரி. நானும் பதிவு செய்த வணிகன் என்பதால் நீங்கள் போடும் வரியைத் திரும்பப் பெறுகிறேன். என்னிடம் அரிசி வாங்கும் உணவங்காடிக் கடைக்காரரோ, ஆண்டு வரவு பத்து லட்சம் வெள்ளியை எட்டாத சிறு வணிகர், பதிவு செய்யாதவர். வரியைத் திரும்பக் கோர அவருக்கு வழியில்லை. மேலே சொன்ன கணக்கை வரி நீக்கிப் போட்டால் ஏற்றம் 50 காசு அன்று, 46 காசு. 9 லிட்டருக்கு 4 வெள்ளி 13 காசு. சில காசுகள்தான் என்று தோன்றலாம். வருடத்துக்கு எத்தனை நடை என்று எண்ணிப் பார்த்தால் தோன்றாது.

பம்ப் விலையைப் பற்றிப் பேசும்போது உங்கள் பக்கத்தில் உள்ள நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜூரோங் தீவில் கண்ணெதிரே எண்ணெய் சுத்திகரிக்கப்படுவதால் நமக்கு டீசல் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே உண்டு. இங்கே சுத்திகரித்தாலும் விலை உலகச் சந்தையின் விலைதான். பீப்பாய்க்கு இத்தனை அமெரிக்க டாலர் என்று சிங்கப்பூர்ச் சந்தையில் நாள்தோறும் மதிப்பிடப்படும் விலையை இந்த வட்டாரமே அளவுகோலாகக் கொள்கிறது. அதன்மேல் தீர்வை. பல ஆண்டுகளாக லிட்டர் கணக்கில் தீர்வை இல்லாதிருந்த டீசலுக்கு 2017 பிப்ரவரி 20 முதல் லிட்டருக்கு 10 காசும், 2019 பிப்ரவரி 18 முதல் 20 காசும் விதிக்கப்பட்டது. எண்ணெய் விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த 20 காசு இறங்காது. எண்ணெய் நிறுவனத்தின் நிலச் செலவும் ஆட்செலவும் இறங்கா. ஆகவே கச்சா எண்ணெய் 20 விழுக்காடு இறங்கிவிட்டதே, கூடுதல் கட்டணமும் 20 விழுக்காடு இறங்க வேண்டாமா என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு, அப்படி இறங்காது என்று நானே பலமுறை விளக்கியிருக்கிறேன். உங்களுக்காகவும் சேர்த்துத்தான்.

ஆனால் தீர்வை உயர்ந்தபோது வணிக வாகனங்களுக்குச் சாலை வரியில் அரசாங்கம் தள்ளுபடி கொடுத்ததையும் நினைவுபடுத்துகிறேன். 2019இல் தீர்வை ஏறிய அடுத்த வாரமே எனக்குக் கட்டண உயர்வுக் கடிதம் வந்தது. சாலை வரித் தள்ளுபடியைப் பற்றிக் கடிதம் வரவில்லை.

ஏற்றத்துக்குக் குதிரை, இறக்கத்துக்கு ஆமை என்பதுதான் எங்கள் பக்கத்து வணிகர்கள் எல்லாரும் சொல்லும் குறை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் பிரெண்ட் கச்சா எண்ணெய் ஒரு கட்டத்தில் பீப்பாய் 139 டாலரைத் தொட்டது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் இங்கே டீசலின் பட்டியல் விலை லிட்டர் 3 வெள்ளியை ஒட்டி நின்றது. அப்போது நீங்கள் கட்டணத்தை உயர்த்தியதில் எனக்குக் குறையே இல்லை. ஒரு நிறுவனம் 5 விழுக்காட்டிலிருந்து 8க்கும், பிறகு 12க்கும் மூன்று மாதத்துக்குள் போனது, நான் முணுமுணுக்காமல் கட்டினேன். 2023இன் முற்பாதியில் உலகச் சந்தையில் டீசல் நன்றாகவே இறங்கியது. அந்த 12 மட்டும் அசையவில்லை. நவம்பரில் நானாகக் கேட்ட பிறகு, ‘உங்களுக்கு மட்டும்’ என்ற குறிப்போடு 10 ஆயிற்று. எனக்கு மட்டும் ஏன்? டீசல் எனக்கு மட்டுமா இறங்கியது? கேட்காத பக்கத்துக் கடைக்காரர் இன்னும் 12 கட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. கேட்டவனுக்கு ஒரு விலை, கேட்காதவனுக்கு ஒரு விலை என்றால் அது பேரம். பேரம் பேசுவதில் தவறில்லை. அதற்கு டீசல் என்று பெயர் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

காரணங்களும் சில நேரம் வேடிக்கையாக வந்து சேர்கின்றன. 2023 நவம்பரில் செங்கடலில் சரக்குக் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கி, ஐரோப்பா போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. உண்மையான நெருக்கடிதான். அதன் விளைவாக 2024 நடுப்பகுதியில் நம் துறைமுகத்தில் கப்பல்கள் பல நாள் காத்துக் கிடந்ததும், கொள்கலன்கள் கிடைக்காமல் போனதும் உண்மை. ஆனால் சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் என் சரக்கு வருகிற வழி வங்காள விரிகுடா. பாசிர் பாஞ்சாங் முனையத்திலிருந்து ஜூரோங்குக்கு வரும் லாரியும் செங்கடல் வழியாக வருவதில்லை. அந்த லாரிக்கு எரிபொருள் கட்டணத்தை உயர்த்திய கடிதத்தில் முதல் காரணமாகச் செங்கடல் இருந்தது.

கப்பலையும் லாரியையும் குழப்பிக்கொள்வதால் பணம் எங்கே போகிறது என்பது மறைந்துவிடுகிறது. அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கப்பல் எரிப்பது லாரி எரிக்கும் டீசல் அன்று. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.50 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற அனைத்துலக விதி வந்தபோது கப்பல் நிறுவனங்கள் தங்கள் எரிபொருள் ஈட்டுக் கட்டணத்தைத் திருத்தியமைத்தன. பெரிய கப்பல் நிறுவனங்கள் அதை எப்படிக் கணக்கிடுகின்றன என்பதை வெளிப்படையாக எழுதியிருக்கின்றன: எரிபொருளின் சராசரி விலை இவ்வளவு, இந்த வழித்தடத்துக்குக் கொள்கலனுக்கு ஆகும் எரிபொருள் இவ்வளவு, காலாண்டுக்கு ஒரு முறை திருத்தம். ஏறினாலும் இறங்கினாலும் நான் முன்கூட்டியே என் தாளில் போட்டுப் பார்த்துக்கொள்ள முடிகிறது. கடலில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வருகிற சரக்குக்கு இருக்கிற கணக்கு, தரையில் முப்பது கிலோமீட்டர் போகிற சரக்குக்கு ஏன் இருக்கக்கூடாது?

அந்தக் கடைசி முப்பது கிலோமீட்டர்தான் எங்களைக் கடிக்கிறது. ஒரு 20 அடிக் கொள்கலனில் 24 டன் உளுந்து வரும். 25 கிலோ மூட்டைகள் 960. துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு அதை இழுத்துவர நீங்கள் 40 வெள்ளி கூடுதலாகப் போட்டாலும் மூட்டைக்கு நான்கு காசு. அதைப் பற்றி யாரும் மடல் எழுத மாட்டார்கள். அதே உளுந்து கிடங்கிலிருந்து நாற்பது நாற்பது மூட்டையாகப் பிரிந்து போகும்போது, மேலே சொன்ன 24 வெள்ளி மூட்டைக்கு 60 காசு ஆகிறது. பருப்பு மூட்டையில் எங்களுக்கு நிற்பது பெரும்பாலும் இரண்டு வெள்ளி. அதில் 60 காசு. சமையற்கூடங்களுடனான ஒப்பந்தங்கள் ஆறு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் நிலையான விலையில் போடப்படுவதால் நடுவில் அதை யாரிடமும் கேட்கவும் முடியாது. பத்து மூட்டை, ஐந்து மூட்டை எடுக்கும் கடைகளின் நிலையை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

உறைந்த சரக்கு வேறு கதை. அங்கே உங்கள் பக்கம் நியாயம் அதிகம் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு நாள் சரக்கு சேர்ந்துவிட்டதா என்று பார்க்க நானே அந்தச் செனோக்கோ சமையற்கூடத்துக்குப் போயிருந்தேன். காலை ஒன்பதரை மணிக்கு வந்த குளிர்பதன லாரி பதினொன்றே காலுக்கும் வரிசையில் நின்றது. முன்னால் கோழி லாரி, அதற்கு முன்னால் காய்கறி லாரி. பரோட்டாவும் தேங்காய்த் துருவலும் உறைநிலைக்குப் பதினெட்டு டிகிரி கீழே இருக்க வேண்டுமாதலால், குளிர்விக்கும் இயந்திரத்தை அணைக்க முடியாது. லாரி ஓரங்குலம் நகராமல் டீசலைக் குடித்துக்கொண்டிருந்தது. லாரிப் பெட்டியின் வெப்பநிலைத் திரையை ஓட்டுநர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, நிழலில்லாத சுவரோரம் போய் நின்றார். டெலிவரி ஆர்டர் தாளில் சேர்ந்த நேரத்தை ஒன்பதரை என்று எழுதியிருந்தார். சமையற்கூடத்து ஊழியர் அதை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒன்றே முக்கால் மணி நேர டீசலை யார் ஏற்பது? நிறுவனம் அதை என்னிடம் நேராகக் கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன், சமையற்கூடத்திடம் நான் கேட்டிருப்பேன். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அது எல்லாருடைய பட்டியலிலும் 12 விழுக்காட்டுக்குள் கரைந்து, அன்று ஒரு நிமிடமும் காக்க வைக்காத கடைக்காரர் தலையிலும் ஏறியது.

காத்திருப்பு டீசலைக் காத்திருப்பு டீசல் என்றே எழுதுங்கள்: குளிர்பதன லாரிக்கு மணிக்கு இத்தனை லிட்டர், இன்றைய விலை இவ்வளவு என்று. அதேபோல், லாரி வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டியிருக்கும் வாகன உரிமைச் சான்றிதழின் செலவை அதன் பெயரிலேயே எழுதுங்கள். சரக்கு வாகனங்களுக்கான சி பிரிவுச் சான்றிதழ் 2023இல் 90,000 வெள்ளியைத் தாண்டிய காலத்தில் புது லாரி வாங்கியவர்களின் பாடு எனக்குத் தெரியும். அதற்காக வாடகையை உயர்த்துகிறோம் என்று சொல்லியிருந்தால், பேசி ஓர் எண்ணுக்கு வந்திருப்போம். எதையும் டீசல் என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டினால், டீசல் இறங்கும் நாளில் சாக்கை அவிழ்க்க உங்களுக்கும் மனம் வராது.

எல்லைக்கு அப்பாலிருந்து வரும் சரக்கிலும் இதுதான் நடந்தது. கறிவேப்பிலை, முருங்கைக்காய், வாழை இலை ஆகியவை எங்களுக்கு ஜோகூர் வழியாக வருகின்றன. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் உதவித்தொகை முறை மாற்றப்பட்டு, பம்ப் விலை லிட்டர் 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஒரே நாளில் உயர்ந்தது. ஏறக்குறைய 56 விழுக்காடு. அந்த வாரமே கூடைக்கு இவ்வளவு என்று உயர்வு வந்தது. ஆனால் தகுதிபெற்ற சரக்கு வாகனங்கள் உதவித்தொகை அட்டையைக் கொண்டு பழைய 2 ரிங்கிட் 15 சென் விலையிலேயே தொடர்ந்து டீசல் போட்டுக்கொள்ள அந்நாட்டு அரசாங்கம் வழிசெய்திருந்தது. என் கூடையை ஏற்றிவந்த லாரிக்கு அட்டை இருந்ததா, இல்லையா? மூன்று முறை கேட்டேன். இல்லை என்று சொல்லியிருந்தால் முழு உயர்வையும் கட்டியிருப்பேன். பதில் வராததால் அதையும் கட்டினேன்.

எல்லா நிறுவனங்களும் ஒன்றுகூடி ஒரே விழுக்காட்டை அறிவித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் வணிகர்களிலேயே சிலர் அப்படிக் கேட்கலாம் என்று ஆலோசனை சொன்னார்கள். அது சட்டத்துக்கு எதிரானது. 2014 டிசம்பரில், ஜப்பானிலிருந்து சிங்கப்பூர் வரும் விமானச் சரக்குக்கான சில கட்டணங்களையும் கூடுதல் கட்டணங்களையும் கூடிப்பேசி நிர்ணயித்ததற்காகப் பத்துச் சரக்கு அனுப்பு நிறுவனங்களுக்குப் போட்டித்தன்மை ஆணையம் மொத்தம் 71 லட்சம் வெள்ளிக்கு மேல் அபராதம் விதித்தது. 2018 செப்டம்பரில், விலையில் கூடிச் செயல்பட்டதற்காக 13 கோழி விநியோக நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம் வெள்ளி. இரண்டும் நம் தொழிலை இரு பக்கமும் தொடும் வழக்குகள். ஆகவே ஒரே கட்டணம் வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தக் கணக்கைத் தன் சொந்த வாடிக்கையாளரிடம் காட்டட்டும். ஒருவருடையதும் மற்றவருடையதும் வேறுவேறாக இருப்பதே நல்லது.

காட்ட வேண்டியவை அதிகமில்லை. ஒப்பந்த நாளில் டீசல் என்ன விலை, அது யாருடைய விலை என்பது முதலாவது. பம்ப் பட்டியல் விலையில் உங்களுக்குத் தள்ளுபடி உண்டு என்பதும், சிலர் சொந்தத் தொட்டியில் மொத்தமாக வாங்கி வைப்பதும் எல்லாருக்கும் தெரியும். உங்கள் கொள்முதல் விலையைச் சொல்ல வேண்டாம், அது உங்கள் இரகசியம்; ஆனால் ஒரு பம்ப் நிறுவனத்தின் பட்டியல் விலையை அளவுகோலாகக் கொண்டால், தொடக்க விலையும் இன்றைய விலையும் அதே நிறுவனத்துடையதாக, வரி நீங்கியதாக இருக்கட்டும். அடுத்தது இந்த அளவு லாரி இந்த நடைக்கு எத்தனை லிட்டர் எரிக்கும் என்பது. பிறகு எத்தனை நாளுக்கு ஒரு முறை திருத்துவீர்கள் என்பது. மாதம் ஒரு முறை போதும், நாள்தோறும் ஆடும் எண் எங்களுக்கும் தொல்லைதான். ஐந்து காசுக்குள் ஏறி இறங்கினால் இரு பக்கமும் பேசாமல் இருந்துவிடுவோம்.

இது புதுமையான யோசனை அன்று. அமெரிக்காவில் எரிசக்தித் தகவல் நிர்வாகம் என்ற அரசு அமைப்பு வாரந்தோறும் நெடுஞ்சாலை டீசலின் சராசரி விலையை வெளியிடுகிறது. லாரி நிறுவனங்களும் சரக்குக்காரர்களும் அதைப் பொது அளவுகோலாக வைத்து, இன்றைய விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள வேறுபாட்டை லாரியின் மைலேஜால் வகுத்து, மைலுக்கு இத்தனை சென்ட் என்று தீர்த்துக்கொள்கிறார்கள். வாடகையின் மேல் விழுக்காடு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லாத ஒப்பந்தங்கள் ஏராளம். நம் தீவு சிறியது, மைல் கணக்கு ஒத்துவராது என்று ஒரு முதலாளி என்னிடம் சொன்னார். சிறியது என்பதால்தான் எளிது என்பது என் எண்ணம். ஜூரோங்கிலிருந்து செனோக்கோ என்றைக்கும் அதே தூரம்தான்.

இவ்வளவு எழுதிய பிறகு என் பக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்த மடலுக்கு மதிப்பில்லை. 2023 ஆகஸ்ட் 25 அன்று இந்தியா புழுங்கலரிசி ஏற்றுமதிக்கு 20 விழுக்காடு வரி விதித்தது; இட்லி அரிசி அதில் அடங்கும். நான் விலையை உயர்த்தினேன். அதோடு லாரி வாடகையையும் சேர்த்து மூட்டைக்கு ஒரு வெள்ளி கூடப் போட்டேன். 2024 அக்டோபருக்குள் அந்த வரி முற்றிலும் போனது. வரியால் ஏறிய தொகையைக் குறைத்தேன். சில வாரம் கழித்து, பத்து மூட்டை எடுக்கும் இட்லிக் கடை அம்மா ஒருவர், “அண்ணே, வரி போயிடுச்சு, லாரிக்காரனும் கொறைச்சிட்டான்னு நீங்களே சொன்னீங்க. அந்த ஒரு வெள்ளி மட்டும் எங்கண்ணே நிக்குது?” என்று கேட்டார். நான் புத்தகத்தைப் புரட்டினேன். நின்றது என்னிடம்தான். பதினான்கு மாதம். அவரிடம் காட்ட எந்தக் கணக்கும் என்னிடம் இல்லை. ‘சந்தை நிலவரம்’ என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அடுத்த இரண்டு நடைகளில் அதைக் கழித்துக் கொடுத்தேன். அவர் இட்லிக்கு ஏற்றிய இருபது காசு இன்னும் இறங்கவில்லை என்பது தனிக் கதை. மூட்டைக்கு ஒரு வெள்ளி என்றால் ஓர் இட்லிக்கு ஒரு காசில் சிறு பங்குதான் வரும். அவரிடம் அதைக் கேட்கும் தகுதி எனக்கு அன்று இல்லை.

உங்களுக்கு என் தரப்பிலிருந்து தரக்கூடியதும் ஒன்று உண்டு. டீசல் அட்டைக்கான பணத்தை நீங்கள் மாதாமாதம் கட்டிவிட, நாங்கள் 60 நாள், சில வேளை 90 நாள் இழுத்தடித்துத் தருகிறோம். அந்த இடைவெளிக்கான செலவும் உங்கள் 12 விழுக்காட்டுக்குள் ஒளிந்திருக்கிறது என்று நான் ஊகிக்கிறேன். மேலே சொன்னபடி கணக்கைக் காட்டும் நிறுவனத்துக்கு, எரிபொருள் கூடுதல் கட்டணத்தை மட்டும் தனியே பிரித்துப் பதினான்கு நாளில் கட்டிவிடுகிறேன். என்னைப் போன்ற ஆறு வணிகர்களிடம் இதைப் பேசியிருக்கிறேன். நால்வர் சம்மதித்திருக்கிறார்கள், இருவர் யோசிக்கிறார்கள்.

அடுத்த மாத விலைப்பட்டியலிலிருந்து என் வாடிக்கையாளர்களுக்கு நான் அனுப்பும் தாளில் ‘லாரிக் கட்டணம்’ தனி வரியாக இருக்கும். டீசலின் தொடக்க விலை, இன்றைய விலை, நடைக்கு லிட்டர், மூட்டைக்குக் காசு ஆகிய நான்கு கட்டங்கள் அதில் உண்டு. நடுவிலுள்ள இரண்டையும் இப்போதைக்கு என் வேன்களைக் கொண்டு நானே நிரப்புகிறேன். உங்கள் லாரிகளில் போகும் சரக்குக்கு அந்தக் கட்டங்கள் வெறுமையாகவே போகும். எந்த நிறுவனத்திடமிருந்து எண் வருகிறதோ, அந்த நிறுவனத்தின் நடைக்கு மட்டும் நிரப்பி அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஜூரோங்கில் கிடங்கு வைத்திருக்கும் பருப்பு, மசாலா வணிகன்